மீன்கொத்திக்கு ராமர் பச்சை

மீன்கொத்தி எங்கள் வீட்டுப் பறவைத் தட்டுக்கு வருவதற்கு ஒரு நியாயமும் இல்லை. தட்டில் கிடப்பது கம்பும் நொய்யரிசியும் பப்பாளித் தோலும். மீனா வைத்திருக்கிறோம்? ஆனாலும் அன்று காலையில் வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்ததில் பீர்க்கன்கரணை ஏரி எங்கள் தெருமுனைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் தவளைக்குஞ்சுகள். தட்டுக்கு மேலே துணிக்கொடி கட்டிய இரும்புக் கம்பத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, மீன்கொத்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பின்வாசல் படியில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி வசந்தா எனக்குப் பின்னால் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் கையில் வெங்காய வாசனை அடித்தது. நான் பென்சிலால் அவசர அவசரமாகக் கோடு இழுக்க, அவள் வழக்கம்போல மேலிருந்து கீழாகக் கலர் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"தலை காபிப்பொடி. மார்பு பால் வெள்ளை. மூக்கு மிளகாய்ப்பழம்."

"முதுகு?"

கொஞ்சம் யோசித்தாள். "ராமர் பச்சை."

என் கை அதற்குள் கலர் ட்யூப்கள் போட்டிருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போய் வேறொரு ட்யூபை எடுத்திருந்தது. அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் வசந்தாவின் கையெழுத்தில் 'ராமர் நீலம்' என்று இருந்தது. நான் கம்பத்தைப் பார்த்தேன். வெயில் அப்போதுதான் மேகத்தை விலக்கிக்கொண்டு வந்திருந்தது. அதன் முதுகு எனக்கு நீலமாகத்தான் தெரிந்தது. பளிச்சென்று, சந்தேகமே இல்லாத நீலம்.

"பச்சையா?" என்றேன்.

"பின்னே? கலர் யாரோட டிபார்ட்மென்ட்?"

"உன்னோடதுதான்."

"அப்புறம் என்ன, பூசுங்க."

நீல ட்யூபை டப்பாவில் போட்டுவிட்டுப் பச்சையை எடுத்துப் பூசினேன்.

இந்த அத்தியாயத்தை எழுதாமல் சில வாரங்களாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். பம்ப் கம்பெனிக் கதை, பெருங்களத்தூர் பஸ் கதை என்று எதையாவது எழுதி ஒப்பேற்றினேன். காரணம் இருக்கிறது. இந்தத் தொடரை ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் மகள் நித்யா வசந்தாவுக்குப் படித்துக் காட்டுகிறாள். வசந்தாவால் இப்போது தானாகப் படிக்க முடியாது. அன்று எனக்கு நீலம் தெரிந்தது என்பதை அதுவரை அவளிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை. நேரில் சொல்லாததைப் பத்திரிகை வழியாக மகள் வாயால் கேட்க வைப்பது என்ன பிழைப்பு?

புள்ளிப் புத்தகம்

கலர் ஏன் அவள் டிபார்ட்மென்ட் ஆனது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தில் ரயில் சத்தத்தில் வளர்ந்த பையன்கள் எல்லோரையும் போல எனக்கும் எஞ்சின் ஓட்ட வேண்டும் என்று ஆசை. பரீட்சை எழுதினேன், பாஸ் ஆனேன். அப்பா தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. ரயில்வே டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க வண்ண வண்ணமாகப் புள்ளிகள்.

"என்ன நம்பர் தெரியுது?"

"நம்பர் எங்க சார் இருக்கு?" என்றேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

அவர் பக்கத்தைத் திருப்பினார். அதிலும் புள்ளிதான். இன்னும் சில பக்கங்கள் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்த வயதுவரை மருதாணியும் மருதாணி இலையும் எல்லோருக்கும் ஒரே நிறமாகத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்னல் பார்க்கத் தெரியாதவனிடம் ரயிலைக் கொடுப்பார்களா?

டாக்டர் நல்ல மனுஷர். தோளைத் தட்டி, "நீலம், மஞ்சள்ல உனக்கு ஒரு பிரச்சினையும் இல்லப்பா. அதெல்லாம் எங்களை மாதிரியேதான் உனக்கும் தெரியும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எஞ்சின் போன துக்கத்தில் அதை நான் காதில் வாங்கவில்லை. பல வருஷம் அந்த வாக்கியம் ஞாபகத்துக்கே வரவில்லை. வர வேண்டிய நாளிலும் வரவில்லை.

அப்புறம் ஒரு பம்ப் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் ஆனேன். வெள்ளைத் தாள், கறுப்புக் கோடு. அங்கே யாரும் என்னைக் கலர் கேட்கவில்லை.

காபி கலர் புடவை

கல்யாணப் பேச்சில் இதை நாங்கள் சொல்லவில்லை. பெண், மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். அவளிடம் போய் மாப்பிள்ளைக்குக் கலர் தெரியாது என்றால் நன்றாகவா இருக்கும்?

தலைதீபாவளிக்கு நானே தனியாகப் போய் ஒரு புடவை வாங்கினேன். அவள் வேலை பார்த்த கடைக்குப் போகாமல், கௌரவமாகப் பக்கத்துக் கடைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தவள் புடவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காபி கலர் பிடிக்கும்னு சொன்னியே" என்றேன்.

"ஏங்க, இதைக் காபி கலர்னு யாருங்க சொன்னது?"

"ஏன்?"

"இது பாசிப் பச்சை."

வேறு வழியில்லாமல் புள்ளிப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கோபப்படுவாள், அவள் அம்மா வீட்டில் போய்ச் சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க. இனிமே கலர் என் டிபார்ட்மென்ட்" என்றாள். அந்தப் பாசிப் பச்சையைக் கிழிகிறவரை கட்டினாள். யாராவது நல்லாயிருக்கே என்று கேட்டால், "காபி கலர், அவர் எடுத்தது" என்பாள்.

அன்றிலிருந்து எனக்குச் சட்டைக்குப் பேன்ட் எடுத்து வைப்பது அவள். தக்காளி வாங்குவது அவள். நான் போனால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன். சிக்னலில் மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்து ஸ்கூட்டரைக் கிளப்புவேன். நானாகக் கலர் விஷயத்தில் வாயைத் திறந்த போதெல்லாம் தோற்றுத்தான் போனேன்.

ஒரு முறை மட்டும் அது சிரிப்பாக முடியவில்லை. நித்யா கைக்குழந்தையாக இருந்தபோது கோவளத்துக்குப் போயிருந்தோம். "அந்தச் சிவப்புப் படகுகிட்ட நில்லுங்க, மீன் வாங்கிட்டு வரேன்" என்று வசந்தா கையைக் காட்டிவிட்டு ஏலம் போடுகிற கூட்டத்துக்குள் போனாள். நான் குழந்தையோடு நடந்து போய்ச் சிவப்புப் படகின் நிழலில் நின்றேன். அது சிவப்பு இல்லை, பச்சை. நான் படகுக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டிருக்க, அவள் கரை முழுக்கத் தேடியிருக்கிறாள். பெரிய அலை வேறு அடித்துக்கொண்டிருந்த நாள். கடைசியில் என்னைப் பார்த்தபோது அவள் கையில் மீன் பையும் இல்லை, காலில் செருப்பும் இல்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சந்தேகமா இருந்தா இருந்த இடத்துலயே நிக்க வேண்டியதுதானே" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னாள். எனக்குச் சந்தேகமே இல்லையே, அதுதானே பிரச்சினை. அன்றோடு கலர் விஷயத்தில் என் கண்ணை நான் நம்புவதை நிறுத்திவிட்டேன். அவள் சொன்னால் சரி.

கண்: வசந்தா, கை: சம்பத்

சரி, பறவைக்கு வருகிறேன்.

எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் காலத்தில்தான் தட்டு வைக்க ஆரம்பித்தோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உடைந்த மூடியைக் கவிழ்த்து, கொல்லையில் ஒரு குழாயின் மேல் பொருத்தினேன். வசந்தா தினமும் காக்காய்க்குச் சோறு வைக்கிறவள். அதோடு கம்பும் நொய்யும் போடத் தொடங்கினாள். காக்காய் வந்தது, மைனா வந்தது, அணில் அழைப்பில்லாமல் வந்தது. அப்புறம் கொண்டைக்குருவி, மணிப்புறா, கூட்டமாகச் சண்டை போட்டுக்கொண்டே வரும் தவிட்டுக்குருவி, முருங்கை மரத்தில் முதலில் உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டு வரும் கிளிகள்.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மதிற்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஏரிக்குக் கீழே இருந்த வயலெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துடையது. இப்போது அதே இடத்தில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"இன்னா சார், காக்காவுக்கு ஓட்டல் தொறந்துகினியா?"

"சும்மா, பொழுது போகல."

"துன்னுட்டு நேரா வந்து என் கார் மேல பில்லு போட்டுட்டுப் பூடுது சார். கொஞ்சம் சொல்லி வையி."

நித்யா நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், அங்கேயே ஃபிளாட். நான் ரிட்டயர் ஆகி வீட்டில் எல்லோரையும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா புகார் சொன்னதால், அவள் எனக்கு ஒரு வாட்டர் கலர் பெட்டி வாங்கி அனுப்பினாள். பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோடு போடுவேன், கலருக்கு எங்கே போவேன்?

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் வசந்தா.

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு ட்யூபையும் ஒரு காகிதத்தில் தீற்றிப் பார்த்து, பிளாஸ்திரி ஒட்டி, பேர் எழுதினாள். கம்பெனிக்காரன் போட்ட பேரெல்லாம் அவளுக்கு ஆகவில்லை. அவள் போட்டது ஜவுளிக்கடைப் பேர். மாந்தளிர், வெங்காயச் சருகு, மாம்பழம், யானைக் கறுப்பு, மிளகாய்ப்பழம், ராமர் பச்சை, ராமர் நீலம். மணிப்புறாவின் நெஞ்சு வெங்காயச் சருகு. பெட்டைத் தேன்சிட்டின் முதுகு மாந்தளிர். கொண்டைக்குருவியைப் பார்த்து, "வாலுக்கு அடியில மிளகாய்ப்பழத்துல ஜாக்கெட் பிட்டு வச்சிருக்கு பாருங்க" என்பாள். எனக்கு அந்த இடம் வெறும் பழுப்பு. அவள் சொன்ன பிறகு அதுவும் கொஞ்சம் சிவந்த மாதிரி இருக்கும்.

நன்றாகவே இருந்தன படங்கள். நித்யா ஒவ்வொன்றின் அடியிலும் விளையாட்டாக எழுதினாள், 'கண்: வசந்தா. கை: சம்பத்.' அப்புறம் அதை நானே எழுதத் தொடங்கினேன். எஞ்சின் ஓட்டாத வருத்தம்கூட அந்த நாட்களில் எனக்கு இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தது அதுதான்.

எல்லோருக்கும் நல்லாயிருந்தது

பச்சை மீன்கொத்தியை முன்ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டினோம். வசந்தாதான் இடம் சொன்னாள். ராமர் பச்சை என்பது எனக்குச் சாம்பல் மாதிரி ஒரு மங்கலான கலர். உயிரோடு பார்த்த பறவை பளபளவென்று இருந்ததே, படத்தில் ஏன் இப்படிச் சோகை பிடித்துக் கிடக்கிறது என்று மாட்டும்போதே உறுத்தியது. என் கண்ணின் லட்சணம் இவ்வளவுதான் என்று ஆணியை அடித்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நல்லாயிருக்கு என்றார்கள். கன்னியப்பன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது அதன் எதிரிலேயே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "சோக்கா கீது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போனது. இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் வரிசையாக நின்று என்னைக் குத்துகிறது. டம்ளரை மேஜையில் வைப்பதாக நினைத்து ஓரத்தில் வைத்து உடைத்தாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். மார்க்கெட்டில் பக்கவாட்டில் வந்த சைக்கிளில் மோதி, ஓட்டி வந்தவனைத் திட்டினாள். "இந்த எல்.இ.டி. பல்பு வந்ததுலேருந்தே கண்ணு சரியில்லை" என்றாள். கண்ணாடிக் கடையில் போய்ப் பவர் மாற்றிக்கொண்டு வந்தாள். வலி இல்லை, எரிச்சல் இல்லை. நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. படங்களும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. நான் போட்டேன், அவள் சொன்னாள், நான் பூசினேன்.

நித்யா குடியிருக்கிற இடத்தில் காலண்டர் அடிக்கப் போகிறார்கள், அப்பாவின் பறவைப் படங்களைக் கேட்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். படங்களை எல்லாம் கொல்லை வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, ஃபோனில் படம் பிடித்து, அடியில் போடுவதற்குப் பேர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பறவைப்பா?"

"மீன்கொத்தி."

"மீன்கொத்தியா? ஏன் பச்சையா இருக்கு? நான் இத்தனை நாளும் வேற ஏதோ பறவைன்னு நெனச்சேன்."

"அம்மாதான் சொன்னா."

வசந்தா துணிக்கொடியில் இருந்து திரும்பினாள். "நான் பாத்ததைத்தாண்டி சொன்னேன். ராமர் பச்சை."

நித்யா ஃபோனைக் கீழே வைத்தாள். கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. "அம்மா, அந்த வாளி என்ன கலர்?"

"பச்சை."

"இந்தக் கிளிப்பு?"

"அதுவும் பச்சைதான். ஏன்டி, என்ன இப்போ?"

வாளி நீலம். எனக்கே தெரியும். கிளிப்பும் நீலம். நித்யா என்னைப் பார்த்தாள். நான் துணிக்கொடியைப் பார்த்தேன்.

போனது போனதுதான்

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். வசந்தாவின் தாடையை ஒரு மிஷினில் வைத்து, இரண்டு கண்ணையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். வசந்தாவின் பார்வை அவ்வளவுதான் மிச்சம் என்றாள்.

"கண்ணுக்குள்ள பிரஷர்மா. ரொம்ப நாளா இருந்திருக்கு. ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா போகும், வலிக்காது, அதனால யாருக்கும் தெரியறதில்ல. கலர் ஏதாவது மாறித் தெரிஞ்சுதா? சிலருக்கு நீலத்துல குழப்பம் வரும்."

வசந்தா என் பக்கம் திரும்பினாள். நித்யாதான் கேட்டாள், "சரி பண்ணிடலாமா டாக்டர்?"

"போனது போனதுதாங்க. சொட்டு மருந்து போட்டு, இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நல்லாவே காப்பாத்தியிருக்கலாம்."

மின்சார ரயிலில் திரும்பினோம். ஜன்னலோரம் வசந்தாவை உட்கார வைத்தேன். குரோம்பேட்டை தாண்டியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கீங்க. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியல. யாரைப் போய்க் குத்தம் சொல்றது?"

"ம்" என்றேன்.

அவளைத் தேற்ற வேண்டிய நேரத்தில் அவள் என்னைத் தேற்றினாள். அந்த 'ம்'மை இன்றைக்கு வரைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. எனக்குத் தெரியாது என்று அவள் சொன்னது பொய். எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் கலர் விஷயத்தில் அவளைவிட நான் சரியாக இருந்தது அந்த ஒரே ஒரு தடவைதான். அன்று மட்டும், "இல்ல வசந்தா, எனக்கு நீலமா தெரியுது, நித்யாவுக்கு ஃபோன் போட்டுக் காட்டலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

கன்னியப்பன் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "அப்பவே பாத்தேன் சார். ஏரியிலயே கெடந்து வளந்தவன், மீன்கொத்தி இன்னா கலருன்னு எனக்குத் தெரியாதா? சாரு பட்சவரு, எதுனா காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார். எனக்கு அவர் மேல் பொல்லாத கோபம் வந்தது. ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் எனக்கே வெட்கமாகப் போயிற்று. அவர் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். நான் தினமும் அதன் கீழே உட்கார்ந்து டி.வி. பார்த்தேன்.

நித்யா அந்தப் படத்தைக் கழற்றிவிடலாம் என்றாள். வசந்தா விடவில்லை. "இருக்கட்டும்டி. நல்லாத்தானே வரைஞ்சிருக்காரு."

மறுபடி வந்தது

இப்போது காலையும் மாலையும் நான்தான் அவளுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். இரண்டு பாட்டில். ஒன்றுக்கு மஞ்சள் மூடி, ஒன்றுக்கு நீல மூடி. இரண்டும் எனக்குத் தெரிகிற கலர். பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அந்த ரயில்வே டாக்டர் ஞாபகம் வருகிறார்.

வசந்தா பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நேராக எதிரில் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது, அதுவும் நல்ல வெயிலில். தட்டில் சத்தம் கேட்டால் கேட்பாள், "என்ன வந்திருக்கு?"

"கிளி."

"என்ன கலர்?"

"பச்சை."

"பாடப்புத்தகத்துல இருக்கறதைச் சொல்றீங்க" என்று சிரிப்பாள். "கழுத்து வளையம்?" நான் பேச்சை மாற்றுவேன். படம் போடுவதை நிறுத்திவிட்டேன். ஒன்றிரண்டு பென்சிலில் போட்டேன், அடியில் எழுத வேண்டிய வரி வந்ததும் கை ஓடவில்லை. டப்பாவில் ட்யூப்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன.

போன வாரம் மழை பெய்தது. மறுநாள் காலையில் கொல்லையில் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் அவள் கண்ணில் மருந்து விட்டுவிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். கம்பத்தில் ஏதோ வந்து உட்கார்ந்தது. அதே பறவையா, வேறொன்றா, தெரியாது. கத்திக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தை வைத்தே வசந்தா கண்டுபிடித்துவிட்டாள்.

"மீன்கொத்திதானே?"

"ஆமா."

கண்ணை மூடியபடியே இருந்தாள். மருந்து விட்டபின் கொஞ்ச நேரம் மூடியிருக்க வேண்டும். "முதுகு என்ன கலர்?"

"ராமர் நீலம்."

"சந்தேகமில்லாமலா?"

"சந்தேகமே இல்ல." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இதை எழுதினால் ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்து படித்துக் காட்டிவிடுவாள் என்று ஒரு பக்கம் மனசு இடித்தது. "அன்னைக்கும் எனக்குச் சந்தேகமில்ல வசந்தா. அன்னைக்கும் நீலமாத்தான் தெரிஞ்சுது. அந்த ட்யூபைக் கையில எடுத்துட்டேன். நீ பச்சைன்னு சொன்னே, வச்சிட்டேன்."

மருந்து ஒரு கண்ணின் ஓரத்திலிருந்து வழிந்து கன்னத்தில் இறங்கியது. துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன், கிட்டே போகப் பயமாக இருந்தது. மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து எதையோ கவ்விக்கொண்டு மறுபடி கம்பத்துக்கே வந்தது. எனக்கு அது நீலமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா நான் சண்டைக்கு வந்திருப்பேன்" என்றாள் கடைசியில். "கலர் என் டிபார்ட்மென்ட்னு கத்தியிருப்பேன். கோவளத்தை இழுத்திருப்பேன்."

"தெரியும்."

"நீங்களும் வாயை மூடிக்கிட்டிருப்பீங்க."

"ம்."

கையை நீட்டினாள். துணியைக் கொடுத்தேன். அவளே கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து கம்பம் இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"ஆனாலும் ஒரு தடவை சொல்லிப் பாத்திருக்கலாம்ங்க" என்றாள்.